கட்டபொம்மன் காத்திருந்த வழி

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "எல்லோரும் சிவகாசிக்கே நேரில் போய்ப் பட்டாசு வாங்கி வருகிறார்களாம். நமக்கு மட்டும் தெருமுனைக் கடைதானா?" என்று என் மனைவி ஆரம்பிப்பாள். ரயில் கட்டணத்தையும் பட்டாசு விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு நான் மௌனமாகிவிடுவேன். ரயிலில் பட்டாசு கொண்டுவரக் கூடாது என்ற சட்டத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் மௌனம் பலிக்கவில்லை. அதற்குக் காரணம் என் அக்கா மகள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு நாள் சரித்திரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, அமெரிக்காக்காரர்கள் வரி கட்டப் பிடிக்காமல்தானே இங்கிலாந்தோடு சண்டை போட்டார்கள்? நம் கட்டபொம்மனும் அப்படித்தானே? இரண்டு பேரும் பேசாமல் பணத்தைக் கட்டியிருந்தால் இத்தனை உயிர் போயிருக்காதே?"

பத்திரிகையில் ஊருக்கெல்லாம் பதில் எழுதுகிற எனக்கு அந்தப் பெண்ணுக்குச் சொல்லச் சட்டென்று ஒரு பதில் அகப்படவில்லை. மறுநாள் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "பட்டாசு வாங்கப் போகிற வழியில்தானே அந்தக் கதையும் நடந்தது? போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்" என்றார். ஆக, பட்டாசும் ஆயிற்று, பதிலும் ஆயிற்று என்று செங்கோட்டை ரயிலில் ஏறிவிட்டேன்.

நீங்களும் கூடவே வாருங்கள். சிவகாசிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கினால் போதும்.

சேற்றூரில் தொடங்குவோம்

ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது சேற்றூர். விருதுநகர் மாவட்டம் என்றாலே வெயிலும் கரிசலும்தான் என்று நினைத்திருப்பவர்கள் இங்கே வந்து பார்க்கவேண்டும். கண்மாய், தென்னந்தோப்பு, வயல், அதற்கு மேலே நீலமாக மலை. ஆவணியில் மலைக் காற்று புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறது.

ஒரு காலத்தில் சேற்றூர் ஒரு பாளையம். மதுரை நாயக்கர்கள் தங்கள் சீமையை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பாளையக்காரர் என்றால் சின்ன ராஜா மாதிரி. ஊர்க் காவல் அவருடையது. வழக்குத் தீர்ப்பு அவருடையது. திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கு. பதிலாக மேலே உள்ளவருக்குக் கப்பம் கட்டவேண்டும், யுத்தம் என்றால் ஆள் அனுப்பவேண்டும். நாயக்கர்கள் போய் ஆற்காட்டு நவாபு வந்தார். நவாபுக்கோ கிழக்கிந்தியக் கும்பினியிடம் கழுத்து மட்டும் கடன். கடனுக்கு ஈடாக, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை 1792ஆம் வருஷ உடன்படிக்கையில் கும்பினியிடம் கொடுத்துவிட்டார்.

அந்த உடன்படிக்கையைச் செய்துகொண்ட கவர்னர் ஜெனரல் யார் தெரியுமா? கார்ன்வாலிஸ் பிரபு. இந்தப் பெயரை என் அக்கா மகளின் புத்தகத்தில் நீங்கள் பார்க்கலாம். ஆனால் இந்தியாவைப் பற்றிய பாடத்தில் அல்ல, அமெரிக்காவைப் பற்றிய பாடத்தில்!

கடல் தாண்டி வந்த துரை

1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் கடலில் கொட்டினார்களே தேயிலை, அது யாருடைய தேயிலை? இதே கிழக்கிந்தியக் கும்பினியுடையது. சண்டை வடக்கே தொடங்கினாலும் அதன் முடிவைத் தீர்மானித்தது தெற்கு. 1780 மே மாதத்தில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அங்கே பொறுப்பேற்ற கார்ன்வாலிஸ் ஆகஸ்டில் காம்டன் என்ற இடத்தில் அமெரிக்கப் படையை ஓட ஓட விரட்டினார். தெற்கு முழுவதும் கைக்குள் வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்.

ஆனால் கிராமத்து ஜனங்கள் விடவில்லை. சதுப்பு நிலக் காடுகளில் ஒளிந்திருந்து, திடீரென்று வந்து அடித்துவிட்டு மறைந்தார்கள். அக்டோபரில் கிங்ஸ் மவுண்டன் குன்றில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற படை ஒன்று அழிந்தது. அடுத்த ஜனவரியில் கௌபென்ஸில் இன்னொரு தோல்வி. கடைசியில் 1781 அக்டோபர் 19ஆம் தேதி யார்க் டவுனில் கார்ன்வாலிஸின் படை ஆயுதத்தைக் கீழே வைத்தது. அங்கே தோற்றவர்தான் 1786இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார்.

அந்தச் சண்டையின் பொறி ஒன்று நம் பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் பறந்து வந்தது. அமெரிக்கர்களோடு வியாபாரம் செய்ததற்காக டச்சுக்காரர்கள்மீது இங்கிலாந்து 1780 டிசம்பரில் யுத்தம் தொடுத்தது. அந்த யுத்த காலத்தில், 1783இல், கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தபோது, உள்ளே கொழும்பு டச்சுக்காரர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்று அகப்பட்டது. அப்போது வீரபாண்டிய கட்டபொம்மன் இளைஞர். பட்டத்துக்கு வந்தது 1790இல்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மூடிய கதவு

சேற்றூரிலிருந்து ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தேன். பஸ் ஊருக்குள் நுழையுமுன்பே பதினொரு நிலைக் கோபுரம் வாங்க வாங்க என்று அழைக்கிறது. ஆண்டாளைச் சேவித்துவிட்டு, கடைத்தெருவில் பால்கோவா கிண்டுகிற வாசனையைக் கடந்து போவதற்கு மனோதிடம் வேண்டும். எனக்கு அது இல்லை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு தேர் நிற்கும் வீதியில் ஒரு திண்ணை ஓரமாக உட்கார்ந்தேன்.

1798ஆம் வருஷம், இதே ஆவணி மாதம். பாஞ்சாலங்குறிச்சி கட்ட வேண்டிய பாக்கி 3,310 பகோடா என்று கும்பினிக் கணக்கு சொல்லிற்று. பகோடா என்றதும் தின்பண்டத்தை நினைத்துவிடாதீர்கள். வராகன் என்ற தங்கக் காசுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. ஒரு வராகன் ஏறக்குறைய மூன்றரை ரூபாய். பாக்கியைப் பற்றிப் பேச இரண்டு வாரத்துக்குள் ராமநாதபுரத்தில் வந்து தன்னைப் பார்க்கவேண்டும் என்று கலெக்டர் ஜாக்சன், ஆகஸ்ட் 18ஆம் தேதி கட்டபொம்மனுக்குக் கடிதம் எழுதினார். எழுதிவிட்டு அவர் என்ன செய்தார்? ராமநாதபுரத்தில் உட்கார்ந்திருந்தாரா? இல்லை. குற்றாலம் பக்கம் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார்!

துரை குற்றாலத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கட்டபொம்மன் அங்கேயே போனார். பார்க்க முடியாது என்று பதில் வந்தது. துரை சொக்கம்பட்டிக்குப் போனார், பின்னாலேயே இவரும் போனார். சிவகிரி, சேற்றூர் என்று ஒவ்வோர் ஊராக இதே கதை. இந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கதவு திறக்கவில்லை. ராமநாதபுரத்தில்தான் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார் ஜாக்சன். பாவாலி, பள்ளிமடை, கமுதி என்று மிச்ச வழியையும் சொல்வார்கள். மொத்தம் 23 நாள், ஏறக்குறைய 400 மைல் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். தன் பாளையத்தில் முதல் மரியாதை வாங்குகிற மனிதர். பரிவாரத்தோடு வருகிறார். ஒவ்வோர் ஊரிலும் ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். "துரை பார்த்தாரா?" "பார்க்கவில்லையாம்." "அடுத்த ஊரில் பார்ப்பாராமா?" "தெரியவில்லையாம்." அவமானம் அவர் வந்து சேர்வதற்கு முன்னாலேயே அடுத்த ஊருக்குப் போய் உட்கார்ந்திருக்கும். நான் பார்க்கிற இந்தக் கோபுரம் அன்றும் இருந்தது. அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர் கிழக்கே திரும்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே அமெரிக்கப் பாடத்தில் ஒரு வரி ஞாபகம் வந்தது. 1775 ஜூலையில், சண்டை தொடங்கிவிட்ட பிறகும், அமெரிக்கக் காங்கிரஸ் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு சமாதான மனு அனுப்பியது. ஒலிவக் கிளை மனு என்று அதற்குப் பெயர். மன்னர் அதை வாங்கிப் படிக்கவே மறுத்துவிட்டார். ஆகஸ்டிலேயே அவர்களைக் கலகக்காரர்கள் என்று பிரகடனம் செய்தார். அடுத்த வருஷம் ஜூலையில் சுதந்திரப் பிரகடனம் வந்துவிட்டது!

மஞ்சள் பை அம்மாள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விருதுநகர் போகிற பஸ் சிவகாசிக்குள் புகுந்து போகிறது. சிவகாசியில் ஏறிய ஓர் அம்மாள் என் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் துணிகூட இல்லை, எல்லாம் காகிதம்.

பால்கோவாவை நீட்டினேன். "வேணாம் தம்பி, வெறும் வயிறு" என்றார். அப்புறம் தாமாகவே பேச ஆரம்பித்தார். மகன் பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தானாம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விபத்தில் வலது கை வெந்துபோய்விட்டது. உதவித் தொகைக்காக ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். அந்த அதிகாரியைப் பார்க்கத்தான் பிரயாணம்.

"இது அஞ்சாவது தடவ தம்பி. போறப்பல்லாம் கேம்ப் போயிருக்காகங்கிறாக. கேம்ப்னா எந்த ஊருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாக. சொன்னா நான் அங்கனயே போயிருவேன்ல?"

என் கையிலிருந்த பால்கோவா இறங்கவில்லை. இருநூறு வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. ஜாக்சனைக் குற்றாலத்துக்குத் தேடிப் போனவர் நினைத்ததும் இதையேதானே!

விருதுநகரில் இறங்கும்போது பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்னைக்கு இருப்பாகன்னு தோணுது தம்பி" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

மூன்று மணி நேரம்

விருதுநகர் என்றதும் காமராஜர் நினைவுக்கு வருவார். கடைத்தெருப் பக்கம் அவர் வளர்ந்த சிறிய வீட்டைப் பார்க்கத் தவறாதீர்கள். பருப்பும் மிளகாயும் எண்ணெயும் மணக்கிற இந்த ஊரின் சந்தை விலைதான் தெற்கத்தி மளிகைக் கடைகளுக்கெல்லாம் பஞ்சாங்கம். இரவில் எண்ணெயில் பொரித்த புரோட்டாவும் உண்டு, வயிறு அனுமதித்தால். கட்டபொம்மன் வந்த காலத்தில் இது விருதுபட்டி. விருதுநகர் என்ற பெயர் 1923இல் வந்தது. நகரை ஒட்டினாற்போல் இருக்கிறது அந்தப் பாவாலி.

இங்கிருந்து கிழக்கே அருப்புக்கோட்டை. தறிச் சத்தம் கேட்கிற தெருக்களில் புடவை பார்க்காமல் வந்தால் வீட்டில் கேள்வி வரும். அதையும் தாண்டித் திருச்சுழி. குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயில், அதன் அருகே ரமண மகரிஷி 1879இல் பிறந்த வீடு. அங்கே ஒரு நிமிஷம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால், கமுதிக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிற வழி வறண்டு நீள்கிறது. கருவேல மரங்களுக்கு நடுவே அந்தப் பரிவாரம் போவதை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன்.

1798 செப்டம்பரில் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் ஒருவழியாகப் பேட்டி கிடைத்தது. சினிமாவில் இந்தக் காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1959இல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் வசனம் பேசினால் கொட்டகை அதிரும். ஆனால் ஏடுகளில் இருக்கிற காட்சி வேறு. கட்டபொம்மனையும் அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையையும் உட்காரச் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் நிற்க வைத்து விசாரித்தார் ஜாக்சன்.

இதில் முக்கியமான ஒரு விஷயத்தை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். பாக்கியின் பெரும்பகுதியைக் கட்டபொம்மன் அப்போது தீர்த்துவிட்டார்! மிச்சம் நின்றது 1,080 வராகன்தான். அதாவது மூன்றில் இரண்டு பங்கு பணம் வந்துவிட்டது. அப்படியும் கோட்டையை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. பிடிக்க முயன்றபோது வாசலில் கைகலப்பு நடந்தது. லெப்டினன்ட் கிளார்க் என்ற அதிகாரி மாண்டார். தம்பி ஊமைத்துரையின் துணையோடு கட்டபொம்மன் தப்பினார். தானாபதி அகப்பட்டுக்கொண்டார்.

அப்போதும் அவர் போருக்குப் போகவில்லை. சென்னைக் கவர்ன்மெண்டுக்கு மனு எழுதினார். பிரௌன், ஓரம், காசமேஜர் என்ற மூவர் கொண்ட குழு விசாரித்தது. டிசம்பர் 15ஆம் தேதி கட்டபொம்மன் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். தீர்ப்பு என்ன? அவர்மீது குற்றமில்லை. தானாபதி விடுதலை. ஜாக்சனுக்கு வேலை போயிற்று!

நியாயம் கிடைத்துவிட்டதே, கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கலாமே என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றிற்று. ஆனால் ஒரு தரம் உடைந்த நம்பிக்கை ஒரு தீர்ப்பினால் ஒட்டவில்லை. அடுத்து வந்த கலெக்டர் லூஷிங்டன் கூப்பிட்டபோது கட்டபொம்மன் போகத் தயங்கினார். ராமநாதபுரத்தில் நின்ற கால்கள் எப்படி மறுபடி போகும்? அந்தத் தயக்கத்தைக் கும்பினி கலகம் என்று எழுதிக்கொண்டது. 1799 மே மாதம் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்ததும் கும்பினிப் படைக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. தெற்கே திரும்பியது. செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16ஆம் தேதி, மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து அவர்கள் கண் முன்னாலேயே கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். ஜாக்சனைத் தேடிக் குற்றாலத்துக்குப் போனதிலிருந்து எண்ணினால் பதினான்கு மாதம்கூட ஆகவில்லை.

ஒரு தாயின் காரியம்

கமுதியைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்மணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப் போட்ட கோட்டையை ஆறே நாளில் மறுபடி எழுப்பினார். மே 24ஆம் தேதி அந்தக் கோட்டையும் விழுந்தது. பிணங்களுக்கு நடுவே பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்தாள். உயிர் இருந்தது. அவனோ, என்னை விட்டுவிடு, பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்று சொல்லிவிட்டான். சாமி என்றது ஊமைத்துரையை. அவள் மகனை விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். பையன் அம்மை கண்டு செத்துப்போனான் என்றார்கள். வந்தவர்கள் பயந்து ஓடியே போனார்கள்!

இதை எழுதி வைத்தவர் நம் புலவர் யாருமல்ல. எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி. 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். காயம் தேறிய ஊமைத்துரை கமுதிக்கு வந்தார். சிவகங்கை மருது சகோதரர்கள் அவரை வரவேற்று அழைத்துப் போனார்கள். யுத்தம் பெரிதாயிற்று. அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்களுக்குத் திருப்பத்தூரில் தூக்கு. நவம்பர் 16ஆம் தேதி ஊமைத்துரையின் உயிரும் பாஞ்சாலங்குறிச்சியில் பிரிந்தது. அமெரிக்கர்களுக்குக் கடைசியில் பிரான்ஸின் கப்பற்படை வந்து கைகொடுத்தது. இவர்களுக்குக் கைகொடுத்தது அந்தத் தாய் மாதிரியான மனிதர்கள் மட்டுமே.

ஏழாயிரம் பண்ணை

திரும்பும் வழியில் சாத்தூர். வெள்ளரிப் பிஞ்சும் காராச்சேவும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து தென்மேற்கே பஸ் பிடித்தால் ஏழாயிரம் பண்ணை. ஊரைச் சுற்றிலும் கரிசல் காடு. பொட்டலில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கிற சிறு சிறு அறைகள் கண்ணில் படும். பட்டாசுப் பட்டறைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்று அந்த இடைவெளி.

இந்த ஊரும் ஒரு பாளையந்தான். கட்டபொம்மனோடு சேர்ந்து நின்ற பாளையம். 1799 யுத்தம் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம் பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் என்று ஆறு பாளையங்களைக் கும்பினி பறிமுதல் செய்தது. கோட்டைகளை இடிக்க உத்தரவு போட்டது. ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று தடையும் போட்டது. துப்பாக்கியும் வேலும் இருக்கக் கூடாது என்ற இதே மண்ணில்தான் இன்று வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் கலக்கிறார்கள், நாட்டின் தீபாவளிக்காக! இதைக் கேட்டால் பானர்மன் என்ன சொல்லியிருப்பாரோ!

டீக்கடையில் ஒரு பெரியவரிடம், "இங்கே கோட்டை இருந்த இடம் எது?" என்று கேட்டேன்.

"கோட்டையா? எந்தக் கோட்டை?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு நான் சொன்ன கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கட்டபொம்மன் கதைல நம்ம ஊரும் இருக்கா! இத்தன வயசுக்கு எனக்கு யாரும் சொல்லலயே" என்றார். என் டீக்குக் காசு வாங்கக் கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டார்.

அக்கா மகளுக்குப் பதில்

சிவகாசியில் பட்டாசு வாங்கினேன். ரயிலில் கொண்டுவர முடியாது என்பதால் லாரி பார்சலில் போட்டுவிட்டு வந்தேன். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் என்று பட்டியலை என் மனைவி வரிசையாகச் சரிபார்த்தாள். பால்கோவாவில் எடை குறைந்திருந்ததைக் கண்டுபிடிக்கவும் தவறவில்லை.

அக்கா மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"நீ கேட்டாயே, பணத்தைக் கட்டியிருந்தால் சண்டை வந்திருக்காதே என்று. கட்டபொம்மன் பணத்தில் பெரும்பகுதியைக் கட்டினாரம்மா. கூப்பிட்ட இடத்துக்கும் போனார். கூப்பிடாத இடத்துக்கும் போனார். சண்டைக்குப் பணம் ஒரு காரணந்தான். ஆனால் வாங்கிக்கொள்கிறவன், கொடுக்கிறவனை மனிதனாக மதித்து ஒரு வார்த்தை கேட்கவேண்டும். அமெரிக்காக்காரர்கள் அனுப்பிய மனுவை அந்த ராஜா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் துரை 23 நாள் பின்னாலேயே அலையவிட்டார். இரண்டு இடத்திலும் அதற்குப் பிறகுதான் பெரிய சண்டை."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்படியென்றால் ஜாக்சன் முதல் நாளே குற்றாலத்தில் கட்டபொம்மனைப் பார்த்திருந்தால்?" என்று கேட்டாள்.

பார்த்திருந்தாலும் கும்பினியின் பேராசை அடங்கியிருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி கேட்கவேண்டிய கேள்விதான்.

"மாமா, அந்த மஞ்சள் பை அம்மாள் அதிகாரியைப் பார்த்தாரா?" என்று அடுத்ததாக ஒன்று கேட்டாள்.

அதுவும் எனக்குத் தெரியாது. வாசகர்களே, இந்தத் தீபாவளிக்கு நீங்கள் கொளுத்துகிற முதல் மத்தாப்பு சிரித்துக்கொண்டு பூவாய்ச் சொரியும்போது, அந்த அம்மாளுக்கு அன்றைக்காவது கதவு திறந்திருக்கவேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மேஜைக்கு எதிரேயோ, அலுவலக மேஜைக்கு எதிரேயோ யாராவது காகிதத்தோடு வந்து நின்றால், முதலில் உட்காரச் சொல்லுங்கள்.